மச்சு இறங்கும் நாள்

மூங்கில் ஏணி வாடகைக்கு வந்திருக்கிறது. வீட்டின் மர ஏணி வெள்ளத்தில் ஊறி, மூன்றாம் படி இற்றுவிட்டது. அதற்குப் பிறகு மச்சுக்கு யாரும் ஏறவில்லை.

2023 டிசம்பர் 17இல் பிடித்த மழை. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். நடுக்கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற உயரம் பழுப்புக் கோடாகக் கிடக்கிறது. அதன்மேல் இரண்டு தடவை வெள்ளை அடித்தாயிற்று. கோடு மெல்ல வெளியே வந்துவிட்டது.

கோட்டுக்கு ஒரு முழம் மேலே காலண்டர். ஒரு தேதியைச் சுற்றிப் பச்சை மையில் வட்டம். நிக்காஹ்.

இந்த ஊரில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு உம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு. ஆகவே அறை வேண்டும். மச்சை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டு, மேலே மணமக்களுக்கு ஓர் அறை. கொத்தனார் அஸருக்குப் பிறகு அளவெடுக்க வருகிறார். அதற்குள் மச்சு காலியாக வேண்டும்.

வீட்டுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். ஒரு முனை தெருவில் இருக்கிறது, மறுமுனை முடுக்கில். தெருவாசல் ஆண்களுக்கு. முடுக்கு பெண்களுக்கு, அதன் வழியே தெருவில் கால் வைக்காமலே அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் போய்விடலாம். இன்று காலையிலிருந்து முடுக்குக் கதவை யாரும் சாத்தவில்லை. பக்கத்து வீட்டுச் சாச்சி வருகிறார். அவருக்குப் பின்னால் ஒரு மாமி. கையில் மூடிய தட்டு. தட்டில் வட்டலப்பம். மச்சு இறக்குவது முடுக்கு முழுக்கத் தெரிந்திருக்கிறது.

மச்சுத் துவாரத்துக்கு நேர்கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் எண்பதைத் தாண்டிய உம்மா. தூசி விழும் என்று மகள்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்கிறார்கள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்கிறார். நாற்காலி நகரவில்லை.

அவர் காலடியில் வெள்ளைத் துணி விரித்திருக்கிறது.

“அரபு எழுத்து இருந்தா இந்தத் துணியில வை. சின்னத் துண்டா இருந்தாலும் சரி.”

மேலே ஏறியிருக்கும் பையன் ஆறுமுகநேரிக்காரன். சரி என்கிறான். எது அரபு எழுத்து என்று கேட்கிறான். மணப்பெண் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் சட்டத்தைக் காட்டுகிறாள். பையன் துவாரத்தின் வழியே தலையைத் தொங்கவிட்டுப் பார்க்கிறான். தலை உள்ளே போகிறது.

முதலில் இறங்குவது வெள்ளத்தின் சாமான்கள். இருட்டில், இடுப்பு நனைய, கைக்குக் கிடைத்ததை மேலே தள்ளிய இரவு அது. மிக்ஸி. மூடியில்லாத மிக்ஸி ஜாடி. ஒற்றைச் செருப்பு. பள்ளிக்கூடப் பை. தையல் மிஷினின் தலை மட்டும். அரிசி மூட்டை, இப்போது எலிப்புழுக்கை மூட்டை. ஒரு தலையணை உறை, அதற்குள் கனமாக ஏதோ. பெரிய மகள் அவிழ்க்கிறார். ரேஷன் கார்டு, பத்திரம், பாஸ்போர்ட்டுகள், ஒரு கட்டு மின்கட்டண அட்டை. ரேஷன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்க்கிறார். தங்கை வேறு பக்கம் பார்க்கிறார். புதுக் கார்டு வாங்க யார் யாரோ அலைந்திருக்கிறார்கள்.

அடுத்த அடுக்கில் சூட்கேஸ்கள். கைப்பிடியில் விமான நிறுவனச் சீட்டுகள் இன்னும் தொங்குகின்றன. ஹாங்காங், சிங்கப்பூர், ஜித்தா. ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் ஒன்று. கடைசிச் சூட்கேஸுக்குள் ஒலிநாடாக்கள். உறைமேல் ஊதா மையில் மாதமும் வருஷமும். 84, 85, 86. பாட்டு இல்லை. வெளிநாட்டுச் சபரில் இருந்தவர்கள் பேசி அனுப்பியவை. வீட்டிலிருந்து பதில் பேசி அனுப்பியவையும் அதே நாடாக்களில்தான். அழித்துவிட்டு மேலே பேசுவார்கள். டேப்ரெக்கார்டர் பக்கத்திலேயே இருக்கிறது. பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு. சின்ன மகள் ஒரு நாடாவின் பல்சக்கரத்தில் சுண்டுவிரலை விட்டுச் சுற்றிப் பார்க்கிறார். சுற்றுகிறது.

மணப்பெண்ணின் கைபேசி ஒளிர்கிறது. துபாய் எண். துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் போகிறாள்.

பதினொரு மணிக்குத் தெருவாசலில் செருப்புச் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம். இந்த வீட்டு மூத்த மகன். நிக்காஹ் முடிந்த அன்றைக்கே இரண்டு தெரு தள்ளி மனைவி வீட்டுக்குப் போனவர். பேரன் பேத்தி எடுத்துவிட்டார். பிறந்த வீட்டு வாசலில் நின்று செருமுகிறார். நடுக்கூடத்தில் இருக்கும் பிறவீட்டுப் பெண்கள் எழுந்து உள்ளே போகிறார்கள். பிறகு “வாங்க காக்கா” என்று குரல் வருகிறது. அவர் முன்கூடத்து நாற்காலியில் உட்காருகிறார். தேநீர் வருகிறது. விருந்தாளிக்கு எடுக்கும் பீங்கான் கோப்பையில்.

அவருடைய தகரப் பெட்டி கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பூட்டு துருப்பிடித்திருக்கிறது. சுத்தியல். இரண்டு அடி. உள்ளே பள்ளிக்கூட நோட்டுகள், ஊதிக் காய்ந்த ரப்பர் பிளாடர், தோல் பந்தின் நாலைந்து துண்டுகள், ஒரு ஜோடி கால்பந்து பூட்ஸ். ஐக்கிய விளையாட்டுச் சங்க மைதானத்தில் மவ்லானா அபுல் கலாம் ஆசாத் கோப்பைக்கு இந்தியாவின் பல மூலைகளிலிருந்து அணிகள் வந்து ஆடும் ஊர் இது. மே மாத மாலைகளில் கடைகள் சீக்கிரம் சாத்திவிடும். பூட்ஸின் அடியில் ஆணி அடித்த தோல் குமிழ்கள். இரண்டு குமிழ் இல்லை.

அவர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். தங்கைகள் மச்சுப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். வலது செருப்பைக் கழற்றுகிறார். காலை உள்ளே விடுகிறார். குதிகால் நுழையவில்லை. விரலை விட்டு நெம்புகிறார். தோல் வெடிக்கிறது. பூட்ஸைப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா காக்கா?”

“அங்க எங்க வைக்கிறது. அது அவ்வொ வீடு.” தேநீர் குடிக்கிறார். “இங்கயே கிடக்கட்டும்.”

பெட்டி வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் நிறுத்தப்படுகிறது. எந்தக் குவியலிலும் சேராமல்.

லுஹர் பாங்கு. ஒரு பள்ளியில் தொடங்கி இன்னொன்றில் தொடர்ந்து மூன்றாவதில் முடிகிறது. மகன் எழுந்து போகிறார். பையன் ஏணியில் பாதியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறான். பெண்கள் உள்ளே தொழுகிறார்கள். தூசி மட்டும் துவாரத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது.

பிற்பகலில் கனமானவை இறங்குகின்றன. கயிறு கட்டி இறக்க வேண்டியிருக்கிறது. கல்யாணக் களரிக்குச் சமைத்த செம்புக் கிடாரம், ஈயம் தேய்ந்து உள்ளே சிவந்திருக்கிறது. படிக்கம். பன்னீர்ச் செம்பு, கழுத்து வளைந்தது. அரக்குப் பூசிய வட்டப் பெட்டி ஒன்று, அடுக்கடுக்காகத் திறக்கிறது. ரங்கூன் சாமான். உம்மாவின் வாப்பா கொண்டு வந்தது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள்; கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தார்கள். கையில் எடுத்ததையெல்லாம் வழியில் போட்டார்கள். இந்தப் பெட்டி எப்படி வந்தது என்று மாமி கேட்கிறார். உம்மா மூடியைத் துடைக்கிறார். அவர் அதற்கடுத்த வருஷம் பிறந்தவர்.

மச்சுப் பலகையும் அந்தக் கரையிலிருந்து வந்ததுதான். பர்மா தேக்கு. பழைய மரம் வாங்குபவர் இரண்டு முறை வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

வைக்கோலுக்குள்ளிருந்து பீங்கான் தட்டுகள் வருகின்றன. வெள்ளையில் நீலப் பூ. ஒரு பெரிய தட்டு முன்பு இரண்டாக உடைந்திருக்கிறது. உடைந்த கோட்டின் இருபுறமும் துளையிட்டு, பித்தளைக் கம்பியால் தைத்திருக்கிறார்கள். ஏழு தையல். தட்டைத் திருப்பிச் சுண்டினால் சத்தம் மந்தமாக வருகிறது. ஆனால் தண்ணீர் ஊற்றினால் ஒழுகவில்லை. சின்ன மகள் ஊற்றிப் பார்த்துவிட்டார்.

சீனப் பீங்கான் இந்தக் கரைக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதுகிறார். ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் என்கிறார். அந்தக் காயல் தாமிரபரணி வாயில் மணல் மூடிப் பழையகாயலைச் சுற்றிய மண்ணுக்குள் போய்விட்டது. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் அந்த மண்ணில் சீனப் பீங்கான் உடைசல்கள் கிடப்பதைக் குறிக்கிறார். இங்கே உடைந்ததை யாரும் மண்ணில் போடவில்லை. தைத்திருக்கிறார்கள்.

தெருவில் பழைய இரும்பு வியாபாரியின் வண்டி நிற்கிறது. செய்தித்தாள், ஆங்கிலக் கணக்குப் பேரேடு, பித்தளை, மிக்ஸி, சூட்கேஸ் சட்டங்கள். கொக்கித் தராசில் மாட்டுகிறார். கொக்கிக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடி நிற்கின்றன. கிடாரம் 31 கிலோ. உம்மா உள்ளேயிருந்து “கிடாரம் வேண்டாம்” என்கிறார். வியாபாரி கழற்றுகிறார். பன்னீர்ச் செம்பை மாட்டுகிறார். “அதுவும் வேண்டாம்.”

பையன் கடைசியாக ஒரு சின்ன மரப்பெட்டியைக் கொண்டு வருகிறான். பென்சில் பெட்டி அளவு. கொண்டியைத் தள்ளினால் திறக்கிறது.

உள்ளே தராசு. தண்டு இரண்டாக மடிந்து கிடக்கிறது. தட்டுகள் இரண்டும் பழைய ரூபாய் நாணயத்தின் அகலம். பட்டு நூல் மங்கி, இன்னும் அறாமல். மரத்தில் குழி குழியாகச் செதுக்கி எடைக்கற்கள். பெரியது மொச்சை அளவு. வரவரச் சின்னது. கடைசிக் குழியில் ஒரு சதுரத் தகடு. காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு. ஒரு மூலை மேல்நோக்கி மடித்துவிடப்பட்டிருக்கிறது. குறட்டால் பிடிக்க. குறடும் இருக்கிறது. இரத்தினபுரியில் தோண்டி, கொழும்பில் பட்டை தீட்டி, காயல்காரர்கள் கை மாற்றிய கற்கள் இந்தத் தட்டுகளில் ஏறி இறங்கியிருக்கின்றன. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். இந்தத் தகடு அதில் சின்னப் பங்கு.

கூடவே மடித்த தாள்கள். கல் மடிக்கிற தாள், ஐந்து மடிப்பு. மேலே பென்சிலில் எடை. பெரிய மகள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார். ஒவ்வொன்றையும் பழைய மடிப்பிலேயே மடித்து வைக்கிறார். எதிலும் ஒன்றுமில்லை. அடுத்ததைப் பிரிக்கிறார்.

வியாபாரி கேட்டு வாங்கிப் பார்க்கிறார். தராசுத் தட்டு ஒன்றை எடுத்துத் தன் கொக்கியில் மாட்டுகிறார். சிவப்பு எண் 0 காட்டுகிறது. கொக்கியை உதறி மறுபடி மாட்டுகிறார். 0. மிகுந்த கவனத்தோடு தட்டைக் கழற்றிக் குழியில் வைக்கிறார். இரு கையாலும் பெட்டியைத் திருப்பித் தருகிறார்.

வெள்ளைத் துணியில் குவியல் முழங்கால் உயரம் வந்துவிட்டது.

அரபு எழுத்தில் இருக்கும் எந்தத் தாளும் வண்டிக்குப் போகக் கூடாது. எடைக்குப் போன தாளில் நாளை வடை மடிப்பார்கள். பிறகு அது தெருவில், காலடியில். எனவே எல்லாம் துணியில். அட்டை போன குர்ஆன் ஜுஸ்உகள். பூச்சி அரித்த மௌலூது ஏடுகள். காலண்டர்த் தாள்கள். ஒரு மருந்து டப்பாவின் லேபிள்கூட. பையன் எதையும் விடவில்லை.

மணப்பெண் உம்மம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கல்லூரியில் படித்தவள். குர்ஆன் சரளமாக ஓதுவாள். ஒரு தாளை எடுக்கிறாள். எழுத்து கூட்டுகிறாள். வாய் நிற்கிறது. அரபு மாதிரி இருக்கிறது, அரபு இல்லை.

“இது என்ன உம்மம்மா?”

உம்மா கண்ணாடியை மூக்கில் இறக்குகிறார். தாளைத் தூரப் பிடிக்கிறார். “மாசி ரெண்டு கட்டு. தேங்காயெண்ணெய். ஏலம். சின்னவளுக்குப் பாவாடைத் துணி.”

அரபுத்தமிழ். எழுத்து அரபு, பேச்சு தமிழ். அரபியில் இல்லாத ங, ட, ண, ப, ள ஒலிகளுக்காக எழுத்துகளின் மேலும் கீழும் கூடுதல் புள்ளிகள். ஓதிக் கொடுக்கும் வீடுகளில் குர்ஆனோடு சேர்த்து இதையும் பெண்பிள்ளைகள் படித்தார்கள். தமிழ் எழுத்தே தெரியாத பெண்கள் தமிழில் கடிதம் எழுதினார்கள், கணக்கு எழுதினார்கள், வந்த கடிதத்தைப் பிறர் உதவி இல்லாமல் வாசித்தார்கள். மார்க்கச் சட்டம் கற்றதும் இதில்தான். துணியின் ஓரத்தில் அட்டையில்லாத தடித்த புத்தகம் ஒன்று கிடக்கிறது. ‘மகானி’. எழுதிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 1816இல் இந்த ஊரில் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, 1898இல் மறைந்தவர். பக்க ஓரங்கள் மஞ்சள் பட்டுக் கறுத்திருக்கின்றன. அடுப்பங்கரையில் வைத்துப் படித்த புத்தகம்.

தரம்பிரிப்பு தொடங்குகிறது. உம்மா மட்டுமே செய்ய முடியும். மகள்களுக்கு இந்த எழுத்து அரைகுறை. பேத்திக்குத் தெரியாது.

“இது ஓதுறது.” வலப்பக்கம். கால் படாத இடத்தில் புதைக்க.

“இது பால்கணக்கு.” மடியில்.

“ஓதுறது.”

“இது பிள்ளைப்பேறுக்குக் கஷாயம்.” சாச்சி கையை நீட்டுகிறார். படித்துக் காட்டச் சொல்கிறார். காட்டப்படுகிறது.

“இது உங்க வாப்பா.”

அந்த ஒரு தாளுக்குப் பிறகு ஒரு கட்டே வருகிறது. சணல் கட்டியது. உறைகளோடு. கொழும்பு 11 முத்திரை. ஆரம்பத்து உறைகளின் தபால்தலைகளில் ‘சிலோன்’. 1972க்குப் பிந்தையவற்றில் ‘இலங்கை’க்கு மேலே ‘ஸ்ரீ லங்கா’. முகவரியும் மாறிக்கொண்டே வருகிறது. காயல்பட்டணம், திருநெல்வேலி ஜில்லா. பிறகு அதே முகவரியோடு 628204 சேர்கிறது. 1986இல் மாவட்டம் பிரிகிறது. ஹாங்காங்கிலிருந்து வந்த ஓர் உறையில் சிதம்பரனார் மாவட்டம். எழுதியவரும் அவரே, வீடும் அதே.

உறைமேல் முகவரி ஆங்கிலம், தபால்காரருக்காக. உள்ளே அரபுத்தமிழ், உம்மாவுக்காக.

பெரிய மகள் ஒன்றைப் பிரித்து உம்மாவிடம் தருகிறார். உம்மா வாசிக்கிறார். சத்தமாக, தட்டுத் தடங்கல் இல்லாமல். சலாம். உடம்பு சுகம். ஆடியில் வர முடியாது. முதலாளி கணக்குப் பார்க்கவில்லை. மச்சில் கறையான் இருக்கிறதா என்று பார்க்கவும். மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறானா, பந்து விளையாடப் போகிறானா. சாமானில் பாதி நாத்தனாருக்கு. கிடாரத்துக்கு ஈயம் பூச ஆள் வந்தால் பூசவும்.

முன்கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம். மகன் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். யாரும் அவர் வந்ததைக் கவனிக்கவில்லை. அவர் செருமவும் இல்லை.

பேத்தி மரப்பெட்டியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்கிறாள். கல் பார்ப்பது, கண்ணோடு ஒட்டி வைப்பது. கடிதத்தின் மேல் குனிகிறாள். அதன் வழியே ஒரு தடவைக்கு இரண்டு எழுத்து மட்டும் தெரிகிறது. நாணல் பேனாவின் கீறல் தெரிகிறது. புள்ளிகளை எண்ணுகிறாள்.

“இது ப. சரியா?”

“ப.”

“இது?”

“அது ள. முதல்ல அதைச் சரியாப் பாரு. புள்ளி கீழ இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப ள.”

ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகிறது. மாமி வட்டலப்பத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டியும் போய்விட்டது. கணக்குப் பார்த்தால் வியாபாரி கொண்டு போனது மிக்ஸி, சூட்கேஸ் சட்டம், செய்தித்தாள், பேரேடு, உடைந்த தையல் மிஷின் தலை. தேக்கைத் தவிர மச்சு அப்படியே நடுக்கூடத்தில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. நடக்க வழியில்லை. துவாரத்தில் பையனின் தலை தெரிகிறது. மேலே ஒன்றுமில்லை என்கிறான். இறங்க இடம் கேட்கிறான். பூட்ஸ் பெட்டியை நகர்த்தி ஏணிக்கு வழி விடுகிறார்கள்.

அஸர் கழிந்து கொத்தனார் வருகிறார். டேப்பை இழுக்கிறார். கயிறு பிடிக்கிறார். கூரை எங்கே வரும், படிக்கட்டு எங்கே திரும்பும் என்று சுவரில் பென்சில் கோடுகள். வெள்ளக் கோட்டுக்கு மேலே மூன்று புதுக் கோடுகள் விழுகின்றன.

“மச்சு எங்க வரும்?” என்கிறார் உம்மா.

“கான்கிரீட்ல மச்சு ஏது பெரியம்மா. வேணும்னா கதவுக்கு மேல லாஃப்ட் போட்டுத் தாரேன். ஒன்றரை அடி.”

“மூணடி.”

“மூணடி போட்டா அறை இருட்டாயிரும். மாப்பிள்ளைக்குத் தலை இடிக்கும்.”

“கதவுக்கு மேல வேண்டாம். சுவர் நீளத்துக்குப் போடு. கிழக்கால.”

மகன் எழுந்து வருகிறார். டேப்பின் மறுமுனையை வாங்கிக்கொள்கிறார். தகரப் பெட்டியின் மேல் வைத்துப் பிடிக்கிறார். இரண்டே முக்கால் அடி.

கொத்தனார் பெட்டியைப் பார்க்கிறார், கிடாரத்தைப் பார்க்கிறார், துணியில் கிடக்கும் கடிதக் கட்டைப் பார்க்கிறார். சுவரில் 3 என்று எழுதுகிறார். காது மடலில் பென்சிலைச் செருகுகிறார்.

“கிழக்குச் சுவர் ஐப்பசி, கார்த்திகையில நனையும். தாளெல்லாம் வைக்க ஆகாது.”

“அப்ப மேற்கால போடு.”